கொன்ட்சேவிச்சின் புகழ் இயற்பியலாளர்கள் போட்ட இனாமா?

முப்படி:
கணிதர் மாக்சிம் கொன்ட்சேவிச் பேச்சு வந்தாலே, சமன்பாடுகள் தரும் வடிவங்களை ஆராயும் இயற்கணித வடிவியலையும் இயற்பியலையும் இணைத்தவர் என்கிறார்கள். 1990-ல் இருபரிமாண ஈர்ப்பு பற்றிய ஊகத்தைச் சொன்னவர் இயற்பியலாளர் எட்வர்ட் விட்டன். கொன்ட்சேவிச் 1992-ல் அதன் நிரூபணத்தை வெளியிட்டார், 1998-ல் கணிதத்தின் பெரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கமும் வாங்கினார். சரக்கு யாருடையது?

நேர்கோடு:
இருபரிமாண ஈர்ப்புக்கு இரண்டு வழிகளில் கணக்குப் போட்டாலும் ஒரே விடைதான் வரவேண்டும் என்பது விட்டனின் நம்பிக்கை. ஏன் வரவேண்டும் என்று காட்டியவர் கொன்ட்சேவிச். எல்லா வளைவுகளையும் புள்ளிகளாகக் கொண்ட வெளியை, பட்டைகளால் ஆன வரைபடங்களாகத் துண்டுபோட்டு, அணிகளின் (எண் கட்டங்களின்) மேல் ஒரு தொகையீடாக மாற்றினார். இயற்பியலாளர்களே அதைக் கொன்ட்சேவிச் மாடல் என்றுதான் சொல்கிறார்கள்.

முப்படி:
சரி, இயற்பியலாளர்கள் கணிதர்களை முந்திய இன்னொரு கதைக்கு, ஐந்தாம் படிச் சமன்பாடு தரும் ஒரு முப்பரிமாண வெளிக்கு வருவோம். அதில் 2,875 கோடுகள் உண்டு என்பது 19-ஆம் நூற்றாண்டுக் கணக்கு. இருபடி வளைவுகள் 6,09,250; இது 1986-ல் தெரிந்தது. மூன்றாம் படிக்கு 1991-ல் இயற்பியலாளர் கேண்டலாஸின் குழு, ஒரு வெளியின் கணக்கை அதன் இணைவெளியில் போடலாம் என்கிற மிர்ரர் சிமெட்ரியை வைத்து 31,72,06,375 என்றது. எலிங்ஸ்ருட், ஸ்ட்ரோம்மே என்ற இரண்டு கணிதர்களுக்கு வந்ததோ 268,25,49,425. எட்டு மடங்குக்கு மேல்! கடைசியில் பிழை கணிதர்களின் கணினி நிரலில். திருத்தியதும் கேண்டலாஸ் சொன்ன எண்ணே வந்து நின்றது.

நேர்கோடு:
அதே எண் வேறு வழியில் வந்ததால்தானே கணிதர்கள் நம்பினார்கள்? அதுவரை அது வெறும் ஜோசியம்.

ஓரப்புள்ளி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 1994-ல் சூரிச்சில் நடந்த உலகக் கணித மாநாட்டை இரண்டு பேருமே தொடவில்லை. ஒரு வெளியின் இயற்கணித வடிவியல் தரும் கேட்டகரியும் (பொருள்களும் அவற்றுக்கிடையேயான தொடர்புகளும் சேர்ந்த அமைப்பு), அதன் இணைவெளியின் சிம்ப்ளெக்டிக் வடிவியல் (இயக்கவியலில் பிறந்த வடிவியல்) தரும் கேட்டகரியும் ஒன்றேதான் என்று கொன்ட்சேவிச் அங்கே ஊகித்தார். இயற்பியலாளர் போல்சின்ஸ்கியின் கட்டுரைக்குப் பிறகு டி-பிரேன்கள் (சரக் கோட்பாட்டில் சரங்களின் முனைகள் ஒட்டும் பரப்புகள்) சூடுபிடித்தது 1995-ல். அப்புறம் பார்த்தால், அந்தக் கேட்டகரிகளில் உட்கார்ந்திருந்தவை பிரேன்கள்! இந்த இடத்தில் முந்தியது கணிதம்.

முப்படி:
அதுவும் ஊகம்தானே ஐயா? பொதுவான நிரூபணம் இன்றுவரை இல்லை. விட்டன் சொன்னால் நம்பிக்கை, இவர் சொன்னால் தரிசனமா?

நேர்கோடு:
எலிப்டிக் வளைவு என்ற எளிய வகைக்கு 1998-லேயே பாலிஷ்சுக்கும் சாஸ்லோவும் நிரூபணம் தந்துவிட்டார்கள். அதன்பின் ஒவ்வொரு வகையாகப் பிடிபட்டு வருகிறது. இன்னொன்று, 2012-ல் அடிப்படை இயற்பியல் பரிசின் முதல் பட்டியலில் விட்டனோடு இவர் பெயரும் இருந்தது.

முப்படி:
பரிசைக் காட்டி வாதாடுவதானால் நான் கிளம்புகிறேன். ஓரப்புள்ளி சொன்ன 1994 விஷயத்துக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.