டி.என்.ஏ ஏன் ஒரே திசையில்தான் வளர்கிறது?

வணக்கம் நண்பர்களே. இரண்டு நாளாக ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன், யாராவது கைகொடுங்கள்.

டி.என்.ஏவை நகலெடுக்கும் நொதியான டி.என்.ஏ பாலிமரேஸ், புது இழையை 5' முனையிலிருந்து 3' முனை நோக்கி மட்டுமே நீட்டும் என்பது தெரியும் (5', 3' என்பவை இழையின் இரு முனைகளின் பெயர்கள்). சங்கிலியின் 3' முனையில் இருக்கும் ஓ.எச் தொகுதி, புதிதாக வரும் நியூக்ளியோடைடின் (இழையின் ஒரு கண்ணி) ட்ரைபாஸ்பேட்டை, அதாவது மூன்று பாஸ்பேட் கொண்ட வாலைத் தாக்குகிறது; அதில் இரண்டு பாஸ்பேட் சேர்ந்த பைரோபாஸ்பேட் கழன்று போகிறது; பிணைப்புக்கான ஆற்றல் அதிலிருந்தே கிடைக்கிறது. இதுவரை சரி.

குழப்பம் இதற்கு அப்புறம்தான். ட்ரைபாஸ்பேட் சங்கிலியின் 5' முனையிலேயே இருந்தால், எதிர்த்திசையிலும் வளர்க்கலாமே? ஒரு இழையை மட்டும் துண்டு துண்டாக உருவாக்கிப் பிறகு ஒட்டும் ஒகசாகி துண்டுகள் என்ற தலைவலியே வேண்டாம். (பாக்டீரியாவில் ஒவ்வொரு துண்டும் 1000 முதல் 2000 நியூக்ளியோடைடு நீளம். எத்தனை ஒட்டுப்போட வேண்டும்!)

பிழைதிருத்தம்தான் காரணமோ என்று நினைக்கிறேன். எதிர்த்திசையில் வளரும் சங்கிலியில் தவறான நியூக்ளியோடைடை வெட்டி எடுத்தால், முனையில் ட்ரைபாஸ்பேட் மிஞ்சாது. அடுத்ததைச் சேர்க்க ஆற்றல் ஏது? இந்த யோசனை சரியா, வேறு காரணமும் உண்டா? டி.என்.ஏவைப் பார்த்து ஆர்.என்.ஏவை உருவாக்கும் ஆர்.என்.ஏ பாலிமரேஸும் இதே திசையில்தான் போகிறது. அங்கே பிழைதிருத்தம் இவ்வளவு முக்கியமில்லையே, அதுதான் எனக்கு இடிக்கிறது. கையால் ஒரு படம் வரைந்து போட்டாலும் போதும்.