புது மூட்டை மாற்றியதிலிருந்து தோல்முட்டை: லேயர் தீவனத்தின் தரத்தை யாரிடம் கேட்பது?

காரிமங்கலம் பண்ணை:
வணக்கம். காரிமங்கலம் பக்கம் நானும் மனைவியும் பி.வி. 300 என்ற முட்டைக்கோழி ரகத்தில் 400 கோழி வைத்திருக்கிறோம். கூண்டு கிடையாது, உமி போட்ட தரைதான். முட்டையைச் சுற்றியுள்ள கடைகளுக்கே போடுகிறோம். வயது 38 வாரம், நன்றாக முட்டை விட வேண்டிய பருவம். போன மாதம் டீலர் வேறு கம்பெனி லேயர் தீவனம் (முட்டைக்கோழிக்கான தீவனம்) கொடுத்தார். மூட்டையில் புரதம் 18 சதவீதம், கால்சியம் 3.5 சதவீதம் என்று அச்சடித்திருக்கிறது. ஆனால் ட்ரேயில் அடுக்கும்போதே விரல் பட்டு ஓடு உள்ளே போகிறது, தினமும் ஓடே இல்லாத தோல்முட்டை வருகிறது. தீவனத் தட்டின் அடியில் சாம்பல் நிறத் தூள் தங்கிவிடுகிறது, கோழிகள் அதைத் தொடுவதே இல்லை. டீலரிடம் கேட்டால் "தண்ணியை மாத்திப் பாருங்க" என்கிறார். மூட்டையில் போட்டிருப்பது உண்மையா என்று யாராவது பார்ப்பார்களா? எங்கே சோதிப்பது?

காவேரிப்பட்டணம்:
முதலில் ஓட்டைப் பாருங்கள் தம்பி. சுருக்கம் விழுந்து, உள்ளே வெள்ளைக்கரு தண்ணீராக ஓடினால் ஐ.பி. (கோழியின் மூச்சுக்குழாயைத் தாக்கும் வைரஸ்) நோயாக இருக்கலாம், டாக்டரைக் கூப்பிடுங்கள். வெறும் மெல்லிய ஓடு என்றால் தீவனத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஊத்தங்கரை அக்கா:
கல்யாணத்துக்கு முன்னால் நாமக்கல்லில் ஒரு தீவன ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். இப்போது எங்கள் கோழிகளுக்கு வரும் ஒவ்வொரு லோடையும் கையால் அள்ளிப் பார்க்காமல் இறக்க விடுவதில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அந்தச் சாம்பல் தூள் அநேகமாக மாவாக அரைத்த சுண்ணாம்புக்கல். ஒரு முட்டை ஓட்டில் கிட்டத்தட்ட 2 கிராம் கால்சியம் இருக்கிறது. ஓடு பெரும்பாலும் ராத்திரியில்தான் கட்டுகிறது. மாவுக்கல் சீக்கிரம் கரைந்து வயிற்றைக் கடந்துவிடும். பருக்கையாக இருக்கும் கிளிஞ்சல் இரைப்பையில் தங்கி ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். ஆகவே மூட்டையில் 3.5 என்று போட்டு உள்ளேயும் 3.5 இருந்தால்கூட, மாவாக இருந்து கோழி தட்டிலேயே விட்டுவிட்டால் என்ன பயன்? இன்றைக்கே கிளிஞ்சல் வாங்கி, சாயங்காலம் கோழிக்கு 3, 4 கிராம் கணக்கில் தனித் தட்டில் வையுங்கள்.

தூளில் மணல் கலந்திருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கைப்பிடித் தீவனத்தைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கலக்கி, மிதப்பதை ஊற்றிவிடுங்கள். அடியில் நிற்பதில் கழிவறை கழுவும் ஆசிட்டைச் சில சொட்டு விடுங்கள் (திறந்த வெளியில், பிள்ளைகள் பக்கத்தில் இல்லாமல்). கல் நுரைத்துப் பொங்கிக் கரையும். எவ்வளவு விட்டாலும் கரையாமல் பல்லில் நறநறக்கிற மாதிரி நிற்பது மணல். கிலோ கணக்கில் எடை கூட்ட அதைவிட மலிவான சரக்கு வேறில்லை.

புரதம் 18 என்பதையும் அப்படியே நம்பாதீர்கள். ஆய்வகத்தில் நேரடியாகப் புரதத்தை அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்குவார்கள். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். 100 கிலோ தீவனத்தில் ஒரு கிலோ யூரியா சேர்த்தால் காகிதத்தில் புரதம் கிட்டத்தட்ட 2.9 ஏறிவிடும். மாட்டின் வயிற்றிலாவது நுண்ணுயிர்கள் அதைப் புரதமாக்கும். கோழிக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. சோயா புண்ணாக்கு விலை ஏறும்போதெல்லாம் இந்த ஆசை சிலருக்கு வரும், அது எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. கோழி வளர்ப்பவர் காசு கொடுத்துத்தானே வாங்குகிறார்?

யாராவது பார்ப்பார்களா என்று கேட்டீர்கள். கோழித் தீவனத்துக்கு ஐஎஸ் 1374 என்று இந்தியத் தரம் இருக்கிறது. லேயருக்குப் புரதம், கால்சியம், உப்பு, மணல் எல்லாவற்றுக்கும் அதில் அளவு உண்டு. பூஞ்சையால் வரும் அப்ளாடாக்சின் பி1 என்ற நஞ்சு 20 பிபிபிக்கு மேல் போகக்கூடாது, அதாவது ஒரு டன்னுக்கு 20 மில்லிகிராம். ஆனால் ஐஎஸ்ஐ முத்திரை வாங்குவது கம்பெனியின் விருப்பம். நாமாகக் கேட்டால்தான் உண்டு. மருந்து விஷயத்தில் மட்டும் கண்டிப்பு இருக்கிறது: கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை உணவுக்கான கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் தீவனத்துக்கும் விற்க 2019-லேயே மத்திய அரசு தடை போட்டுவிட்டது.

காரிமங்கலம் பண்ணை:
அக்கா, சொன்ன மாதிரி செய்தேன். நன்றாகப் பொங்கியது, ஆனால் டம்ளரின் அடியில் பழுப்பாக ஒரு படலம் கரையாமலே நிற்கிறது. மாதிரியை எங்கே அனுப்புவது? டீலர் பில் தரவில்லை, துண்டுச் சீட்டுதான் தந்தார்.

மத்திகிரி மாணவன்:
நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறதுங்க. கட்டணம் கட்டினால் சோதித்து அறிக்கை தருவார்கள். முன்கூட்டியே பேசிவிட்டு அனுப்புங்கள். வெறும் "தீவனச் சோதனை" என்று எழுதாமல் புரதம், யூரியா, கால்சியம், அமிலத்தில் கரையாத சாம்பல் (மணல் இதில்தான் தெரியும்), அப்ளாடாக்சின் என்று தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். யூரியாவைக் கேட்காவிட்டால் புரதம் 18 என்றே வந்துவிடும், கம்பெனிக்காரர் அதையே காட்டுவார்.

ஊத்தங்கரை அக்கா:
அந்தத் தம்பி சொன்னது ரொம்பச் சரி. மாதிரி எடுக்கும்போது பிரிக்காத மூட்டைகள் நாலைந்திலிருந்து, மேல், நடு, அடி என்று எடுத்துக் கலக்குங்கள். ஒரு மூலையில் மட்டும் பூஞ்சை பிடித்திருக்கும், அங்கே எடுக்காமல் விட்டால் அப்ளாடாக்சின் தெரியாமலே போய்விடும். டீலர் கடை ஆள் ஒருவரைக் கூடவே நிற்க வையுங்கள். கலந்ததை மூன்றாகப் பிரித்துச் சீல் வைத்து ஒன்றை டீலரிடம், ஒன்றை ஆய்வகத்துக்கு, ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். மூட்டை வாயில் தைத்த சீட்டைக் கிழித்து எறியாதீர்கள், அதில்தான் பேட்ச் எண் இருக்கும்.

அப்புறம், துண்டுச் சீட்டு செல்லாது தம்பி. இனி ஜிஎஸ்டி எண் போட்ட பில் கேட்டு வாங்குங்கள். நீங்களும் வீட்டாரும் உழைத்துப் பிழைப்பதற்காக வாங்கினால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நீங்களும் நுகர்வோர்தான். அறிக்கை மோசமாக வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். அதில் சரியாகாவிட்டால் தருமபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை. இதற்கிடையில் ஏதாவது கோழி செத்தால் அறுத்து ஈரலைப் பாருங்கள். மஞ்சளாக, கை பட்டால் உடைகிற மாதிரி இருந்தால் அப்ளாடாக்சினைச் சந்தேகப்பட்டு அந்த மூட்டையை அன்றோடு நிறுத்திவிடுங்கள், அறிக்கைக்குக் காத்திருக்க வேண்டாம். தீவனத்தைப் பெல்லட்டாக (சிறு குச்சிகளாக) அழுத்தச் சூடு காட்டினாலும் அந்த நஞ்சு போகாது.

காரிமங்கலம் பண்ணை:
ஈரல் பார்த்துச் சொல்கிறேன் அக்கா. டீலர் நாளைக்குக் கடை ஆளை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார், பிரிக்காத மூட்டைகளை எடுத்துத் தனியாக வைத்திருக்கிறேன்.