பல் செட் போட்டபின் விசில் வரவில்லை, யாருக்காவது திரும்ப வந்ததா?

கல்மண்டபம்_ரிடையர்டு
சின்ன விஷயம்தான், சிரிக்காதீர்கள். மேல்வரிசை முன்பற்கள் போய்விட்டதால் பொங்கலுக்கு முன்னால் கழற்றி மாட்டுகிற பல் செட் போட்டுக்கொண்டேன். முறுக்கு கடிக்கிறேன், பேச்சும் பரவாயில்லை. விசில் மட்டும் போச்சு. உதட்டைக் குவித்து ஊதினால் வெறும் காற்று.

ஹார்பரில் வேலை பார்த்த காலம் முழுக்க விசிலோடு நடந்தவன் நான். நைட் ஷிப்ட் முடிந்து ராயபுரம் பாலம் ஏறும்போது, இளையராஜா பாட்டில் பல்லவி முடிந்து வயலின் கூட்டமாக வருமே, அந்த இடத்தைத்தான் அடிப்பேன். பாட்டு வரி எனக்கு எப்போதும் நிற்காது, நடுவில் வரும் இசை மட்டும் அப்படியே நிற்கும்.

வீடு இரண்டாவது மாடி. கீழே நின்று நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று அடித்தால் என் வீட்டுக்காரி சாவியைக் கைக்குட்டையில் முடிந்து போடுவாள். தெருவில் மீன்பாடி வண்டி எவ்வளவு சத்தம் போட்டாலும் அது அவளுக்குக் கேட்டுவிடும். இப்போது போன் போடுகிறேன். அவள் எடுப்பதற்குள் சீரியல் விளம்பரமே முடிந்துவிடுகிறது. பல் டாக்டரிடம் கேட்டால், "சாப்பிட முடியுதில்ல ஐயா, அப்புறம் என்ன?" என்றார். என்னத்தைச் சொல்ல.

பெரம்பூர்_பல்_லேப்
ஐயா, பல் செட் செய்கிற லேபில் இருக்கிறேன். உதட்டு விசிலில் பல்லுக்கு வேலை கொஞ்சம்தான். வாய்க்குள் இருக்கும் காலி இடம் ஒரு குடம் என்றால் உதட்டுத் துளை அதன் வாய். நாக்கை முன்னால் தள்ளினால் இடம் சுருங்கி சுருதி ஏறும், பின்னால் இழுத்தால் இறங்கும். உங்கள் செட்டில் மேலண்ணத்தை ஒட்டி அக்ரிலிக் தகடு ஒன்று இருக்குமே, மெல்லியதுதான், ஆனால் நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவே காற்று போகிற இடைவெளியை அது குறைத்துவிடும். நாக்குக்குப் பழைய அளவுதான் தெரியும். 'ச', 'ஸ' சொல்ல முதலில் தடுமாறியிருப்பீர்கள். அது சரியானது போல இதுவும் பழகிவிடும்.

நாக்கு நுனியைக் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் வைத்து, உதட்டை நனைத்துக்கொண்டு மெல்ல ஊதுங்கள். வேகமாக ஊதினால் வரவே வராது. காற்றை உள்ளே இழுத்தும் பாருங்கள், சிலருக்கு அதுதான் முதலில் பிடிபடும். செட் ஆடுகிறது என்றால் மட்டும் டாக்டரிடம் போங்கள்.

வியாசர்பாடி_மாடிப்புறா
அண்ணே, விரல் விசிலுக்கு மாறிடுங்க. அதுக்குப் பல்லே வேணாம். செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, ரெண்டு உதட்டையும் உள்பக்கம் மடித்து, நாக்கு நுனியை விரலால் பின்னுக்கு மடக்கி, கீழுதட்டைப் பார்த்து ஊதணும். இடுக்கில் காற்று ஒழுகக் கூடாது, அவ்வளவுதான்.

நான் பந்தயப் புறா வளர்க்கிறவன். சாதாப் புறா என்கிற ரகம் பந்தயத்தில் மணிக்கணக்கில் மேலேயே பறந்து நிற்கணும். நடுவில் மாடியில் இறங்கப் பார்த்தால் குச்சியில் கட்டிய துணியை ஆட்டி ஒரு விசில். தீனிக்குக் கூப்பிடுகிற விசில் வேறு, மெதுவாக இருக்கும். ரெண்டையும் மாற்றி அடித்தால் புறா குழம்பிவிடும். அகஸ்தியா தியேட்டரில் படம் பார்த்த ஏரியாக்காரர் உங்களுக்கு விரல் விசில் வராதா என்ன? 2020-இல் அதை மூடினதிலிருந்து நான் விசிலடிக்கப் புறாதான் மிச்சம்.

வண்ணாரப்பேட்டை_தையல்
விளக்கு வைத்த பிறகு விசிலடித்தால் பாம்பு வரும் என்று என் ஆயா முதுகில் வைப்பாள். தம்பி அடித்தால் வராத பாம்பு நான் அடித்தால் மட்டும் வருமாம். பாம்புக்கு நன்றாகக் கேட்பது சில நூறு ஹெர்ட்ஸுக்குள் இருக்கும் தாழ்ந்த ஒலிதான், உதட்டு விசில் பெரும்பாலும் ஆயிரத்துக்கு மேலே என்று பிற்பாடு படித்தேன். ஆயா இருந்திருந்தால் அதற்கும் ஒன்று வைத்திருப்பாள். இப்போது மெஷின் மிதித்துக்கொண்டே அடிக்கிறேன். காலரில் முனை திருப்பும்போது மட்டும் தானாக நின்றுவிடும், ஏனென்று தெரியாது. கே. சிவபிரசாத் விசிலிலேயே கர்நாடகக் கச்சேரி செய்தவர், அவர் ஸ்வரம் போடுவதைக் கேளுங்கள் ஐயா, நாக்கு எவ்வளவு வேலை செய்கிறது என்று புரியும்.

கல்மண்டபம்_ரிடையர்டு
எல்லாருக்கும் நன்றி. காற்றை உள்ளே இழுத்தால் கீழ் ஸ்வரம் வருகிறது! மேலே போனால் மறுபடி காற்றுதான். மாடிப்புறா தம்பி, செட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு விரல் விசிலும் அடித்தேன். எதிர்வீட்டு நாய் எழுந்து குரைத்தது, சாவி வரவில்லை. யாரோ பொறுக்கிப் பசங்கள் என்று நினைத்தாளாம். மேல் ஸ்வரத்துக்கு என்ன வழி?

பெரம்பூர்_பல்_லேப்
உதட்டுத் துளையை இன்னும் சின்னதாக்குங்கள் ஐயா, நாக்கின் நடுப்பகுதியைத் தூக்கி முன்னால் கொண்டுவாருங்கள். ஒரே தாவலாக வேண்டாம், கீழ் ஸ்வரத்திலிருந்து இழுத்துக்கொண்டே ஏறுங்கள். வீட்டம்மாவிடம் விரல் விசிலும் நீங்கள்தான் என்று முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.