பெரிய வீட்டுக் குழு: செவர்லே வண்டியின் கடிகாரம்

பெரியப்பச்சி, காலை 6:40
அனைவருக்கும் வணக்கம். முன்னோர்க்குப் படையலிடும் படைப்புக்கு முன்பாக நம் 1947 செவர்லே வண்டியைப் பழுது பார்த்து முடித்துவிட வேண்டும் என்பது என் விருப்பம். எஞ்சினும் பிரேக்கும் நல்ல நிலையில் உள்ளன. ஓடாமல் நிற்பது டேஷ்போர்டுக் கடிகாரம் ஒன்றுதான். அதற்குள் குவார்ட்ஸ் இயந்திரம் பொருத்திவிடலாம் என்று காரைக்குடி மெக்கானிக் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை; உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

அழகப்பன் அண்ணன், காலை 7:05
பெரியப்பச்சி, அந்தக் கடிகாரம் ஏன் அடிக்கடி நின்றது என்பதைப் பார்த்தால் முடிவு எளிதாகும். அதற்குள் இருப்பது சிறிய சுருள்வில். ஓரிரு நிமிடங்களில் வில் தளர்ந்ததும் இரண்டு தொடுமுனைகள் சேர்ந்து, மின்காந்தம் ஒரு வெட்டில் வில்லை மீண்டும் முறுக்கிவிடும். நாம் சிறுவயதில் கேட்ட 'டக்' என்ற ஓசை அதுதான். பேட்டரி வலுவிழந்தால் வில்லை முறுக்கும் அளவுக்கு விசை வராது; தொடுமுனைகள் பிரியாமல் ஒட்டி நின்று, கம்பிச் சுருளில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்து அது கருகிவிடும். வருடத்தில் பெரும்பகுதி கொட்டகையில் நிற்கும் வண்டிக்கு, அதுவும் 6 வோல்ட் பேட்டரிக்கு, இது கட்டாயம் நேரும்.

வள்ளியம்மை ஆச்சி, காலை 7:20
முனைகளை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, காய்ந்த எண்ணெயை எடுத்துவிட்டு மறுபடி ஓட்ட முடியாதா? முன்பு ஐயா காலத்தில் அப்படித்தான் செய்தார்கள் என்று நினைவு.

அழகப்பன் அண்ணன், காலை 7:31
செய்யலாம் ஆச்சி, வாரம் தவறாமல் வண்டியை ஓட்டிப் பேட்டரியைக் காப்பவர்களுக்கு அதுவே சிறந்த வழி. நம்மால் அது முடியாது என்பதால்தான் குவார்ட்ஸை ஆதரிக்கிறேன். அதில் உள்ள படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிரும். அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் விநாடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும், அதைக்கொண்டு சிறிய மோட்டார் முட்களை நகர்த்துகிறது. பிரியவும் ஒட்டவும் அதில் தொடுமுனையே கிடையாது.

முத்து, காலை 7:44
அண்ணன், சுவர்க்கடிகார இயந்திரம் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. அதையே பொருத்தச் சொல்லட்டுமா?

அழகப்பன் அண்ணன், காலை 7:58
கூடாது முத்து. அதன் தண்டு தடித்தது. டயலின் துளையைப் பெரிதாக்காமல் நுழையாது, பழைய முட்களின் துளைகளும் பொருந்தா. துளையிட்ட டயலைப் பிறகு யாராலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. பழைய கார்க் கடிகாரங்களுக்கென்றே செய்யப்படும் இயந்திரத்தை வரவழைத்து, டயல், முட்கள், கண்ணாடி, விளிம்பு வளையம் ஆகிய நான்கும் பழையபடியே இருக்குமாறு பொருத்த வேண்டும். காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் உள்ள முனீஸ்வரன் கோயில் தெருவில் வேறு கடிகாரம் வாங்கி மாட்டிவிடலாம் என்று யாராவது சொன்னாலும் இணங்காதீர்கள். அந்த முகம் நம் வண்டிக்கு உரியது.

பெரியப்பச்சி, காலை 8:15
பம்பாயில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை இயங்கிய காலத்து வண்டி அது. அந்த ஆலை 1954இல் மூடப்பட்டது. அதனால் ஒரு திருகாணியைக்கூட இழக்க மனமில்லை. எடுத்த பழைய இயந்திரம் என்னவாகும்?

அழகப்பன் அண்ணன், காலை 8:22
அதைத் துணியில் சுற்றி, தேதி எழுதிய அட்டையுடன் வண்டிப் பத்திரங்கள் இருக்கும் பெட்டியிலேயே வைத்துவிடுவோம், பெரியப்பச்சி. எதையும் வெட்டாமலும் துளைக்காமலும் செய்தால், நாளை நம் பிள்ளைகளில் ஒருவர் விரும்பி ஒரு பிற்பகலில் அதைத் திரும்பப் பொருத்திவிடலாம். இந்த ஒரு நிபந்தனையோடு மட்டுமே நான் மாற்றத்துக்குச் சம்மதிக்கிறேன்.

முத்து, காலை 8:40
மின்சாரம் எங்கிருந்து எடுப்பது? 6 வோல்ட்டை 1.5 வோல்ட்டாகக் குறைக்கும் சிறு சுற்று ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்கிறார் மெக்கானிக்.

அழகப்பன் அண்ணன், காலை 8:56
நாம்தான் வண்டியை நிறுத்தியதும் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுகிறோமே, அப்போது கடிகாரமும் நின்றுவிடும். அதைவிட, டேஷ்போர்டின் பொருள் வைக்கும் பெட்டிக்குள் ஒரு பென்சில் பேட்டரிக் கூடு வைத்து, அங்கிருந்து மெல்லிய கம்பி இழுப்பது நல்லது. ஒரு பேட்டரி ஓராண்டுக்கு மேல் வரும். கடிகாரத்தின் உள்ளேயே பேட்டரியை வைத்தால் நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அது கசிந்து டயலை அரித்துவிடும். வெளியே இருந்தால் மாற்றுவதும் எளிது. விளக்கு மட்டும் பழையபடி வண்டியின் மின்சாரத்திலேயே எரியட்டும். இன்னொன்று: இந்தப் படிகம் 25 டிகிரி வெப்பத்தில்தான் மிகச் சரியாக ஓடும், அதற்கு மேலும் கீழும் சற்றுப் பின்தங்கும். ஆகவே வெயிலில் நின்ற நாட்களில் சில விநாடிகள் குறைந்தால் அதைக் குறையாகக் கொள்ள வேண்டாம்.

வள்ளியம்மை ஆச்சி, காலை 9:10
கழற்றும்போது அந்த டயலையும் முட்களையும் நான் துடைத்துத் தரட்டுமா?

அழகப்பன் அண்ணன், காலை 9:14
வேண்டாம் ஆச்சி, தயவுசெய்து. அந்தக் காலத்துக் கருவிகள் சிலவற்றில் இருளில் ஒளிர்வதற்காக ரேடியம் கலந்த பூச்சு இடுவார்கள். ஒளிர்வது நின்றுவிட்டாலும் கதிர்வீச்சு நிற்பதில்லை, ரேடியம் பாதியாகவே 1,600 ஆண்டுகள் ஆகும். எண்களிலோ முட்களிலோ பழுப்பேறிய பூச்சு தெரிந்தால் அதைச் சுரண்டவும் தேய்க்கவும் கூடாது. தூள் மூச்சில் போவதுதான் ஆபத்து. கண்ணாடியின் வெளிப்புறத்தை மட்டும் மென்துணியால் துடையுங்கள்.

பெரியப்பச்சி, காலை 9:30
பூச்சைத் தொடாமல், டயலைத் துளைக்காமல், பழைய இயந்திரத்தை நம் கையிலேயே ஒப்படைப்பதானால் எனக்குச் சம்மதம். முத்து, மெக்கானிக்கிடம் இம்மூன்றையும் எழுதிக் கொடுத்துவிடு.

முத்து, காலை 9:33
சரி பெரியப்பச்சி, இன்றே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். ஞாயிறு காலை கடிகாரத்தைக் கழற்றும்போது நானும் உடன் இருந்து, ஒவ்வொரு கம்பியையும் பிரிப்பதற்கு முன் படம் எடுத்து இங்கே அனுப்புகிறேன்.