போலி அனுபவச் சான்றிதழோடு வந்த ஃபோர்க்லிஃப்ட் ஆபரேட்டர்: இனி ஆள் எடுக்கும்போது எதையெல்லாம் சரிபார்ப்பது?

கிடங்கு22:

22 பேர் வேலை செய்யும் ஒரு சரக்குக் கிடங்கு நடத்துகிறேன். ஹெச்ஆர் என்று தனியாக யாரும் இல்லை, எல்லாம் நான்தான். மூன்று மாதம் முன்பு ஒரு ஃபோர்க்லிஃப்ட் (சரக்கைத் தூக்கி நகர்த்தும் வண்டி) ஆபரேட்டரை எடுத்தேன். நான்கு வருட அனுபவச் சான்றிதழ் கொண்டுவந்தார், லெட்டர்ஹெட், சீல், கையெழுத்து எல்லாம் கச்சிதம். போன வாரம் பாலெட்டோடு (சரக்கு அடுக்கிய பலகை) திரும்பும்போது வண்டியின் பின்பக்கம் ரேக்கின் காலில் இடித்து, கால் வளைந்து, மேல் தட்டிலிருந்து இரண்டு பெட்டிகள் விழுந்தன. அடியில் யாரும் இல்லை. ஆனால் ஐந்து நிமிடம் முன்புவரை அதே இடத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம்தான் சான்றிதழில் இருந்த நிறுவனத்தைத் தேடிப் பிடித்துப் பேசினேன். அவர் அங்கே வேலை பார்த்தது உண்மை. ஆனால் லோடிங்கில், அதுவும் எட்டே மாதம். சேரும்போதே இந்த போனைச் செய்யாமல் விட்டது என் தப்பு, அதற்குத் திட்டு வாங்கத் தயார்.

இப்போது வெரிஃபிகேஷன் செய்து தரும் ஓர் ஏஜென்சி வந்து முகவரி, படிப்பு, போலீஸ் பதிவு, கடன் வரலாறு, சோஷியல் மீடியா எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜ் காட்டுகிறார்கள். புதியவர்களுக்கு மட்டுமில்லாமல் இருக்கிற 22 பேருக்கும் செய்துவிடலாம் என்கிறார்கள். எடுக்கலாமா? இன்னொரு விஷயம். இந்தப் பேச்சு அடிபட்டதும் பேக்கிங்கில் இருக்கும் ஒருவர் தானே வந்து, இளவயதில் தன் மேல் ஓர் அடிதடி வழக்கு இருந்தது, தண்டனையும் ஆனது என்று சொல்லிவிட்டார். ஆறு வருடமாக என்னிடம் இருக்கிறார், ஒரு புகார் கிடையாது. அவரை என்ன செய்வது?

மூலைமேசை:

14 வருடமாக ஆள் எடுக்கும் வேலைதான் பார்க்கிறேன். பேக்கேஜை ஒட்டுமொத்தமாக வாங்காதீர்கள் சார். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரு கேள்வி எழுதுங்கள்: இந்த ஆளைப் பற்றி நான் தவறாக நினைத்திருந்தால் யாருக்கு என்ன ஆகும்? ஃபோர்க்லிஃப்ட் என்றால் யாராவது நசுங்குவார்கள், ஆகவே ஓட்டத் தெரியுமா என்று பாருங்கள். கல்லாவில் உட்காருபவர் என்றால் பண மோசடி வழக்கு உண்டா என்று பார்க்கலாம். பேக்கிங் ஆளின் கடன் வரலாற்றை வைத்து நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்? சோஷியல் மீடியாவைத் துழாவினால் அவர் சாமி, கட்சி, உடம்புக்கு என்ன என்று தெரிந்துகொள்ளவே கூடாத எல்லாம் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு அதை வைத்து முடிவு எடுக்கவில்லை என்று உங்களாலேயே நிரூபிக்க முடியாது.

சான்றிதழ் விஷயத்தில் ஒன்றே ஒன்று. அதில் அச்சடித்திருக்கும் நம்பருக்குக் கூப்பிடாதீர்கள். மறுமுனையில் அவருடைய மச்சான் எடுப்பார், எனக்கு நடந்திருக்கிறது. நிறுவனத்தின் பொது நம்பரை நீங்களே தேடி எடுத்து, எப்போது சேர்ந்தார், எப்போது போனார், என்ன பதவி என்ற மூன்றை மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் அதற்கு மேல் சொல்ல மாட்டார்கள். கடைசியில் “திரும்ப வந்தால் எடுப்பீர்களா?” என்று போடுங்கள். பதிலைவிட அதற்கு முன்னால் வரும் மௌனம்தான் விஷயம்.

எதைச் செய்தாலும் எழுத்தில் சம்மதம் வாங்கிவிட்டுச் செய்யுங்கள். அமெரிக்காவில் 1970-இல் வந்த, கடன் மற்றும் பின்னணி அறிக்கைகளுக்கான எஃப்சிஆர்ஏ சட்டப்படி, ஏஜென்சி அறிக்கையை வைத்து ஒருவரை நிராகரிக்கும் முன் அதன் நகலை அவர் கையில் கொடுக்க வேண்டும். ஐரோப்பாவில் 2018 முதல் அமலில் இருக்கும் ஜிடிபிஆர் என்ற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், குற்றத் தண்டனை விவரங்களை முதலாளிகள் இஷ்டத்துக்குத் திரட்ட விடுவதில்லை. உங்கள் ஊர்ச் சட்டம் எதுவானாலும் நகலைக் காட்டும் பழக்கத்தை மட்டும் விடாதீர்கள். ஒருமுறை ஒரு பெண்ணுக்குத் திருட்டு வழக்கு என்று ரிப்போர்ட் வந்தது. கூப்பிட்டுக் காட்டினேன். பெயரும் பிறந்த வருடமும் ஒன்று, அப்பா பெயர் வேறு. யாருடைய வழக்கோ இவர் தலையில் ஏறியிருந்தது. கேட்காமல் விட்டிருந்தால் ஏன் வேலை கிடைக்கவில்லை என்றே அவருக்குத் தெரிந்திருக்காது.

தராசு:

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டு வாரம் வெரிஃபிகேஷன் என்று உட்கார்ந்தால் ஆள் பக்கத்து கம்பெனிக்குப் போய்விடுவான். சின்ன முதலாளிக்கு இவ்வளவு பொறுமை கட்டுப்படியாகாது.

மூலைமேசை:

@தராசு சரிபார்ப்பு சரியாக வந்தால்தான் வேலை உறுதி என்று ஆஃபர் லெட்டரிலேயே எழுதி, சேர்த்துக்கொள்ளுங்கள். அதுவரை லேபிள் ஒட்டட்டும், சரக்கு எண்ணட்டும். வண்டிச் சாவியை மட்டும் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

மஞ்சள்தொப்பி:

பாதுகாப்பு அதிகாரியாக இருக்கிறேன். சான்றிதழ் போலி என்பதைவிட எனக்கு உறுத்துவது வேறு: மூன்று மாதம் அவர் ஓட்டியதை யாரும் நின்று பார்க்கவில்லையா? ஃபோர்க்லிஃப்ட்டில் ஸ்டியரிங் பின்சக்கரத்துக்குப் போகிறது. திருப்பினால் பின்பக்கம் எதிர்ப்புறமாக வீசும். கார் ஓட்டிப் பழகிய கை முன்னால் மட்டும் பார்த்துத் திருப்பும், பின்புறம் போய் ரேக்கில் விழும். உங்கள் கிடங்கில் நடந்தது அப்படியே இதுதான். காலி வண்டியோடு குறுகலான ஒரு வளைவில் பத்து நிமிடம் ஓட்டச் சொல்லியிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

ஓட்டச் சொல்லும்போது இதையும் கவனியுங்கள்: சீட் பெல்ட் போடுகிறாரா, தூக்கும் முன் வண்டி எவ்வளவு தாங்கும் என்று எழுதிய எடைத் தகட்டைப் படிக்கிறாரா, சரக்கைத் தூக்கும் முள்ளைத் தரையிலிருந்து ஒரு சாணுக்குள் வைத்து நகர்கிறாரா, சரக்கு கண்ணை மறைத்தால் ரிவர்ஸில் போகிறாரா. பிறகு “வண்டி சாய்ந்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். “குதிப்பேன்” என்றால் சாவியைத் திரும்ப வாங்கிவிடுங்கள். குதிப்பவர் மேலேயே வண்டியின் மேல்கூண்டு விழுகிறது. உள்ளேயே இறுகப் பிடித்துக்கொண்டு சாயும் திசைக்கு எதிர்ப்பக்கம் சாய வேண்டும். அமெரிக்காவின் வேலையிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதிப்படி ஆபரேட்டருக்குப் பயிற்சி கொடுத்துச் சோதித்துச் சான்று செய்வது முதலாளியின் கடமை, மூன்று வருடத்துக்குள் ஒருமுறை மறுபடி மதிப்பிடவும் வேண்டும். முந்தைய கம்பெனிக் காகிதம் அந்தப் பொறுப்பை இறக்கிவைக்காது.

அந்த ரேக் காலை மாற்றும்வரை அந்த வரிசையில் இருப்பதை இறக்கிவிட்டு, கீழே யாரும் போகாமல் கயிறு கட்டுங்கள். இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். அப்புறம், ரேக்குக்கு அடியில் உட்கார்ந்து லேபிள் ஒட்டுவது என்ன பழக்கம்? எவ்வளவு நல்ல ஆபரேட்டராக இருந்தாலும் ஒரு நாள் இடிப்பார். அந்த மேசையை வேறு இடத்துக்குத் தள்ளுங்கள்.

ரிப்போர்ட் பளிச்சென்று வந்தால் நிம்மதி என்று நினைக்க வேண்டாம். நான் முன்பு இருந்த இடத்தில் ஒரு சூப்பர்வைசர், எல்லாச் சரிபார்ப்பும் சுத்தம். இரவு ஷிப்ட் பெண்களிடம் அவர் நடந்துகொண்ட விதம் வெளியே வர ஒரு வருடம் ஆனது, ஏனென்றால் புகார் அவர் கைவழியாகத்தான் மேலே போக வேண்டும். ஐஎல்ஓ என்ற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2019-ஆம் ஆண்டு 190-ஆம் உடன்படிக்கை ஒப்பந்த ஆள், பயிற்சிக்கு வருபவர், வேலை கேட்டு வருபவர்வரை எல்லாருக்கும் வேலையிட வன்முறை, தொல்லையிலிருந்து பாதுகாப்பைச் சொல்கிறது. உங்கள் இடத்தில் சூப்பர்வைசரைத் தாண்டி உங்களிடம் நேராக வர வழி இருக்கிறதா?

பெயர்வேண்டாம்:

அந்த பேக்கிங் ஆளுக்காக எழுதுகிறேன். நானும் அப்படி ஒருவன். 19 வயதில் ஒரு வழக்கு, இப்போது 41. விண்ணப்பத்தில் ‘வழக்கு உண்டா’ என்ற கட்டத்தில் ‘ஆம்’ என்று டிக் அடித்த எந்த இடத்திலிருந்தும் எனக்கு அழைப்பு வந்ததில்லை. பிறகு ‘இல்லை’ என்று அடிக்கக் கற்றுக்கொண்டேன், அதில் எனக்குப் பெருமை இல்லை.

ப்ளம்ஸ்டீன், நகமுரா என்ற இரு ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 1980-இல் நியூயார்க் மாநிலத்தில் முதல்முறை கைதானவர்களின் பதிவுகளைத் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். 18 வயதில் வழிப்பறிக்காகக் கைதானவர் ஏறக்குறைய எட்டு வருடம் வேறு வழக்கில்லாமல் இருந்துவிட்டால், மறுபடி கைதாகும் வாய்ப்பு அதே வயதுள்ள மற்றவர்கள் அளவுக்கு இறங்கிவிடுகிறது. வீடு புகுந்து திருடியவருக்கு நான்கு வருடம்கூட ஆகவில்லை. உங்கள் ஆள் ஆறு வருடமாக உங்கள் கண் முன்னாலேயே இருக்கிறார். இதைவிடப் பெரிய வெரிஃபிகேஷன் எந்த ஏஜென்சி தரும்?

கிடங்கு22:

எல்லாருக்கும் நன்றி. ரேக்கைக் காலி செய்து கயிறு கட்டியாகிவிட்டது, லேபிள் மேசை இப்போது அலுவலகச் சுவரோரம். பேக்கிங்காரரிடம் நேற்றே பேசிவிட்டேன், அவர் பாட்டுக்கு வேலை பார்க்கட்டும், இது நம் இருவரோடு போகட்டும் என்று. ஏஜென்சியிடம் ஆபரேட்டர், கணக்கர் இரண்டு பதவிக்கு மட்டும் தனி விலை கேட்டிருக்கிறேன், முகம் சுருங்கிவிட்டது.

அந்த ஆபரேட்டரைக் கூப்பிட்டுக் கேட்டேன். லோடிங்கில் இருந்தபோது சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் வண்டியை எடுத்துத் தானே கற்றுக்கொண்டாராம். பொய் சொன்னதால் வண்டியில் இனி வைக்க முடியாது என்று சொன்னேன். லோடிங்கில் இருக்கிறேன் என்கிறார். இன்னும் முடிவு எடுக்கவில்லை.

மஞ்சள்தொப்பி சார், என்னிடம் நேராக வர வழி இருக்கிறதா என்று கேட்டீர்களே. இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். இன்று பேக்கிங்கில் இருக்கும் ஓர் அம்மாவிடம் கேட்டால், “உங்கள் ரூமுக்கு வர வேண்டுமென்றால் சூப்பர்வைசர் மேசையைத் தாண்டித்தானே வர வேண்டும்” என்கிறார்.