குன்னூர்: சிங்க் திரும்பத் திரும்ப அடைக்கிறது, வாஷ்பேசினில் பழுப்பும் பச்சையுமாகக் கறை. என்ன செய்யலாம்?

சாரல்:
வணக்கம். வீடு குன்னூர் பக்கம், பழைய கட்டடம். சமையலறை ஸ்டீல் சிங்கில் மார்கழி பிறந்ததிலிருந்து தண்ணீர் இறங்கவே மாட்டேன் என்கிறது. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் சரியாகும், மூன்றாம் நாள் பழைய கதைதான். சிங்குக்கு அடியில் நெளிவு நெளிவான வெள்ளை பைப். அது சுவரைத் தாண்டி வெளியே போய், ஆறேழு அடி ஓடி சேம்பரில் (கழிவுநீர்த் தொட்டியில்) விழுகிறது.

பாத்ரூமில் வெள்ளைப் பீங்கான் பேசின். குழாய்க்கு நேர் கீழே செம்பழுப்புக் கோடு, ஓட்டையைச் சுற்றி நீலப் பச்சை. ஆப்ப சோடாவும் வினிகரும் சேர்த்துப் போட்டாச்சு. பிளீச்சிங் பவுடரும் போட்டாச்சு. பழுப்பு முன்பைவிட அழுத்தமாகிவிட்டது. தண்ணீர் லைன் பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப். கேஸ் கீசர் இருக்கிறது.

பைப்ரிஞ்சு:
முதலில் சிங்க். கொதிநீர் ஊற்றினால் கொழுப்பு போய்விடுவதில்லை, இடம் மாறுகிறது. சிங்குக்கு அடியில் உருகி, வெளிச்சுவரோரம் குளிர்ந்து கிடக்கிற அந்த ஆறேழு அடியில் மறுபடி உறைகிறது. தேங்காய் எண்ணெயே 24 டிகிரிக்குக் கீழே கட்டியாகிவிடும். டால்டா, நெய், கறிக்கொழுப்புக்கு மார்கழிக் குளிர் போதாதா? கூடவே டீத்தூள். கழற்றிப் பார்த்தால் தெரியும்: மேலே வெள்ளையாக மெழுகு, உள்ளே அடுக்கடுக்காகக் கறுப்பு, பைப் அளவுக்கே வார்த்த மெழுகுவர்த்தி மாதிரி வரும்.

அதனால் கையால் எடுப்பதுதான் வழி. அடியில் பக்கெட்டை வையுங்கள். நெளிவு பைப்பின் மேல் நட்டைக் கையாலேயே திருகுங்கள். குளிரில் பிளாஸ்டிக் விறைத்திருக்கும், ரிஞ்சு போட்டால் நட்டு வெடித்துவிடும். இறுகியிருந்தால் வெந்நீரில் நனைத்த துணியை இரண்டு நிமிஷம் சுற்றி வைத்துத் திருகுங்கள். உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பிப் போட்டால் சொட்டும், அதற்கு டெஃப்லான் டேப் சுற்றியும் பயன் இல்லை. வெளிப் பைப்பை சேம்பர் பக்கத்திலிருந்து ஸ்பிரிங் கம்பியால் குத்துங்கள். மேலிருந்து குத்தினால் கட்டி இன்னும் இறுகும்.

சுத்தமான பிறகு அந்த நெளிவு பைப்பைத் திரும்ப மாட்டாதீர்கள். ஒவ்வொரு மடிப்பும் கொழுப்புக்கு ஒரு அலமாரி. உள்பக்கம் வழவழப்பான 40 மி.மீ. பிவிசியும் ஒரு பாட்டில் டிராப்பும் (சிங்குக்கு அடியில் தண்ணீர் தேங்கி நாற்றத்தைத் தடுக்கும் கிண்ணம்) போடுங்கள். டிராப்பின் அடிக் கிண்ணத்தை மாதம் ஒருமுறை கழற்றிக் கொட்டினால் போதும். வெளியே ஓடும் பைப்புக்கு மீட்டருக்கு 2 செ.மீ. சரிவு வேண்டும். மலைச்சரிவில் வீடு இருப்பதால் பைப்பும் சரிவாகத்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம், ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.

வாத்தியார்:
கறைக்கு நான் சொல்கிறேன். இணையத்தில் வரும் குறிப்புகளில் பாதி சென்னை உப்புத் தண்ணீருக்கு எழுதியவை. அங்கே வெள்ளை உப்புப் படிவுதான் வில்லன், அதற்கு வினிகர் சரி. நம் மலை ஊற்றுத் தண்ணீர் மென்னீர். உப்பு குறைவு, லேசாகப் புளிப்புப் பக்கம் சாயும். அது படிவு போடாது, பைப்பை அரிக்கும். உங்கள் பழுப்பு ஜிஐ பைப்பின் இரும்பு. நீலப் பச்சை பெரும்பாலும் கீசருக்குள் இருக்கும் செம்புச் சுருளிலிருந்தும் பித்தளைக் குழாயிலிருந்தும் வருவது.

ஆப்ப சோடாவும் வினிகரும் கலந்தால் ஒன்றை ஒன்று முறித்துக்கொள்ளும். நுரை வரும், மிச்சம் உப்புத் தண்ணீர்தான். பிளீச்சிங் பவுடர் இரும்புக் கறையை இன்னும் துருவாக்கி ஒட்ட வைக்கும், அழுத்தமானதற்குக் காரணம் அதுதான். பிளீச்சும் வினிகரும் சேர்ந்தால் குளோரின் வாயு. குளிருக்கு ஜன்னலைச் சாத்தி வைக்கிற ஊரில் இது விளையாட்டல்ல. ஆகவே முதலில் பேசினை வெறும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிடுங்கள், பிளீச் மிச்சம் இருக்கக் கூடாது.

பச்சைக்கு: சிட்ரிக் ஆசிட் ஒரு டேபிள் ஸ்பூன், வெதுவெதுப்பான தண்ணீர் 200 மி.லி. பழைய பருத்தித் துணியை நனைத்துக் கறைமேல் ஒட்டி அரை மணி விடுங்கள். தேய்க்கவே வேண்டாம், துடைத்தால் வரும்.

பழுப்புக்கு: ஹார்டுவேர் கடையில் ஆக்ஸாலிக் ஆசிட் தூள் கிடைக்கும். 10 கிராம், அதே 200 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீர். குளிர்ந்த தண்ணீரில் கரைய நேரமாகும். 15 நிமிஷம் துணியில் வைத்து எடுத்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். இது விஷம். ரப்பர் கையுறை கட்டாயம், தூளை மூச்சில் இழுக்கக் கூடாது, மீதியைச் சமையலறையில் வைக்கக் கூடாது. பழைய வீடென்றால் தரை மொசைக்காக இருக்கலாம். எந்த ஆசிட் சொட்டினாலும் அதிலுள்ள சலவைக்கல் பளபளப்பு போய்விடும், கீழே ஈரத்துணி விரித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

சாரல்:
நன்றி அண்ணா, நன்றி சார். கடையில் டிரெயின் கிளீனர் பாக்கெட் கொடுத்தார்கள். கழற்றுவதற்கு முன் அதைப் போட்டுப் பார்க்கட்டுமா? பைப்பை மாற்றினால் பழுப்பு நிற்குமா?

பைப்ரிஞ்சு:
வேண்டாம். அது காஸ்டிக் சோடா. முழுக்க அடைத்த பைப்பில் கொழுப்போடு சேர்ந்து பாதி சோப்பாகி, கல் மாதிரி நிற்கும். பிறகு டிராப்பைக் கழற்றுபவர் கையில் காஸ்டிக் தண்ணீர் கொட்டும். செப்டிக் டேங்க் வீடென்றால் அங்கிருக்கும் நுண்ணுயிருக்கும் ஆகாது.

கழற்றிச் சுத்தம் செய்தபின் வாரம் ஒருமுறை இது போதும்: கொதிநீரும் குழாய்த் தண்ணீரும் சரிபாதி கலந்து 6 லிட்டர். குன்னூர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியில் கொதிக்கும், பாதிக் குழாய்த் தண்ணீர் சேர்த்தால் 50-55 வாக்கில் வரும். கொழுப்பு உருக அது தாராளம், பிவிசி வளையாது. அதில் சலவை சோடா 2 டேபிள் ஸ்பூன் (ஆப்ப சோடா இல்லை). சிங்கை மூடி போட்டு நிரப்பி, மூடியைச் சட்டென்று எடுங்கள். மொத்தத் தண்ணீரும் ஒரே வேகத்தில் இறங்குவதுதான் அலசும், சொட்டுச் சொட்டாக ஊற்றினால் வேலைக்காகாது. பீங்கான் பேசினில் மட்டும் கொதிநீர் கூடவே கூடாது, காலைக் குளிரில் விரிசல் விடும்.

வாத்தியார்:
காலையில் முதல் தண்ணீரை வெள்ளைக் குவளையில் பிடியுங்கள். இரண்டு நிமிஷம் ஓடவிட்டு இன்னொரு குவளை. முதலாவது மட்டும் கலங்கலாக இருந்தால் வீட்டுப் பைப்தான், மாற்றினால் நிற்கும். இரண்டும் ஒரே நிறமென்றால் இரும்பு ஊற்றிலோ மெயின் லைனிலோ இருக்கிறது, வீட்டுப் பைப்பை மாற்றிப் பணம்தான் போகும். அதற்கு முன் குழாய் வாஷரை மாற்றுங்கள். கோடு விழுவதே ராத்திரி முழுக்கச் சொட்டுவதால்தான்.

தேயிலைக்கொழுந்து:
ஒன்று விட்டுப்போச்சு. ஸ்டீல் சிங்கில் கம்பி நார் போடாதீங்க அக்கா. அதன் துணுக்கு ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கும், சிங்கே துருப்பிடித்த மாதிரித் தெரியும். டாய்லெட் ஆசிட்டும் ஸ்டீலில் ஆகாது, குழி குழியாக அரிக்கும். டீக்கறைக்குச் சமையல் சோடாவை ஈரத்துணியில் தொட்டு, ஸ்டீலில் வரி ஓடும் பக்கமே தேயுங்க. புது சிங்கின் லேபிள் பசைக்கு நம்மூர் யூகலிப்டஸ் தைலம் நாலு சொட்டு போதும்.

சாரல்:
இன்று காலை பார்த்தேன். முதல் குவளை டீ நிறம், இரண்டாவது தெளிவு. பாத்ரூமுக்கு வரும் பைப் மட்டும் மாற்றினால் போதுமா, முழு வீடுமா?

பைப்ரிஞ்சு:
சமையலறைக் குழாயிலும் அதே இரண்டு குவளையைப் பிடித்துப் பாருங்கள். அங்கே முதல் தண்ணீரே தெளிவாக இருந்தால் பாத்ரூம் கிளை மட்டும் போதும். கீசரிலிருந்து வரும் வெந்நீர்க் கிளைக்குச் சாதா பிவிசி வேண்டாம், சிபிவிசி (வெந்நீர்ச் சூட்டைத் தாங்கும் பிவிசி) கேளுங்கள்.