ஆப்ல போட்ட செக்: பேலன்ஸ்ல தெரியுது, எடுக்க முடியல

டல்லஸ்காரன்:
டீமுக்குப் புதுசா வந்த பையன். கணக்கு தொடங்கி ஒரு வாரம்கூட ஆகல. கம்பெனி குடுத்த 4,800 டாலர் ரீலொகேஷன் (ஊர் மாறற செலவு) செக்கைப் போட்டோ எடுத்து வெள்ளி ராத்திரி 9 மணிக்கு பேங்க் ஆப்ல போட்டான். பச்சை டிக் வந்துச்சு. திங்கக்கிழமை வீட்டு அட்வான்ஸ் கட்டப் போய் போனைத் திறந்தா கரண்ட் பேலன்ஸ் 4,800, அதுக்குக் கீழயே அவைலபிள் 0.00. லீசிங் ஆபீஸ் அம்மா கார்டு மெஷினை நீட்டிக்கிட்டே நிக்கிறாங்க. இப்படி எல்லாருக்கும் நடக்குதா?

நியூஜெர்சி மாமா:
இஷ்டத்துக்கு நிறுத்தி வைக்க முடியாது தம்பி. செக் பணத்தை எத்தனை நாள்ல விடணும்னு சொல்ற அமெரிக்க விதி, ரெகுலேஷன் சிசின்னு ஒண்ணு இருக்கு. முதல் 275 டாலர் அடுத்த வேலை நாள் (2025 ஜூலைக்கு முன்னாடி 225), மிச்சம் ரெண்டாவது வேலை நாள். 6,725-ஐத் தாண்டின தொகையைத்தான் பெரிய டெபாசிட்னு சொல்லி இன்னும் சில நாள் வைக்கலாம். சண்டை போடச் சொல்லுங்க.

கவுண்டர் கைலாசம்:
மாமா, கணக்கு சரி, இடம் தப்பு. ஆப்ல போடற போட்டோவுக்கு அந்தக் கெடு பொருந்தாதுன்னு பல பேங்க் தன் ஒப்பந்தத்துலயே எழுதி வெச்சிருக்கு. நாமதான் படிக்காம ‘சம்மதம்’ தட்டறோம். போதாக்குறைக்குப் புதுக் கணக்கு. முதல் 30 நாள்ல சாதாரண செக்குக்குச் சட்டமே கெடு வைக்கல. இதுல யாரோட சண்டை? வெள்ளி ராத்திரி 9 மணி வேற. பேங்க் வெச்ச அன்னிக்கான கடைசி நேரம் (கட்-ஆஃப்) தாண்டினா அது திங்கக்கிழமை டெபாசிட்.

யாரும் கேட்கல, இருந்தாலும் சொல்றேன். பின்பக்கம் மேல் ஓரத்துல ஒன்றரை இஞ்ச் இடம் இருக்கும். கையெழுத்து போட்டு, கீழ ‘ஃபார் மொபைல் டெபாசிட் ஒன்லி’ன்னு பேங்க் பேரோட எழுதணும். அந்த வரி இல்லாத பேப்பர் செக்கை யாராவது வேற பேங்க்ல மறுபடி போட்டு, அந்த பேங்குக்கு நஷ்டமானா, போட்டோ வாங்கின பேங்க்தான் ஈடு கட்டணும். 2018 ஜூலைல வந்த திருத்தம் இது. ஒரு வரிக்கு ஏன் இவ்வளவு அடம்னு இப்ப புரியும்.

போட்டோவுக்குக் கருப்பு மேஜை, ஃப்ளாஷ் வேண்டாம், நாலு மூலையும் தெரியணும். கீழே காந்த மையில ஓடற நம்பர் வரிசை மேல மடிப்பு விழுந்தா மெஷின் திணறும். அப்புறம் ஒரு ஆள் உட்கார்ந்து பார்க்கணும், நாள் இழுக்கும். தொகை எண்ல ஒண்ணு எழுத்துல ஒண்ணுன்னா எழுத்துதான் செல்லும்.

நம்ம ஆட்களுக்குப் பேர்ச் சிக்கல் தனி. கணக்குல அப்பா பேர் லாஸ்ட் நேமா இருக்கும், செக்ல இனிஷியலோட அச்சடிச்சிருக்கும். செக்ல உள்ளபடி ஒரு கையெழுத்து, கணக்குல உள்ளபடி இன்னொண்ணு போட்டுடுங்க. கேஷியர்ஸ் செக்கா (பேங்கே தன் பேர்ல எழுதித் தர்ற செக்) இருந்தா ஆப் பக்கமே போகாதீங்க. உங்க கணக்குல போடச் சொல்லி டெல்லர் கையில குடுத்தா, பழைய கணக்குக்குப் பொதுவா அடுத்த வேலை நாளே வந்துடும்.

ஃப்ரிமாண்ட் வாசகி:
கைலாசம் சார், கடைசி வரியில எனக்கு உடன்பாடு இல்ல. கேஷியர்ஸ் செக்லதான் போலி அதிகம் புழங்குது. பக்கத்து வீட்டுல பழைய சோபாவை 600-க்கு வித்தாங்க. வந்த செக் 2,600. ‘மிச்சத்தை மூவர்ஸுக்கு (சாமான் ஏத்திப் போறவங்க) அனுப்பிடுங்க’ன்னு மெசேஜ். அவைலபிள்னு காட்டுச்சு, அனுப்பிட்டாங்க. அடுத்த வாரம் செக் திரும்பி வந்து 2,600-ஐயும் கழிச்சுட்டாங்க. செக் பாஸ் ஆச்சுன்னு எதிர் பேங்க் சேதி அனுப்பாது. திரும்பினா மட்டும்தான் சேதி. பேங்க் ஹோல்ட் போட்டு, அதாவது பணத்தை எடுக்க விடாம நிறுத்தி வெச்சு, காத்திருக்கிறது அந்தச் சேதிக்காகத்தான். மாமா, அதைத் திருட்டுங்கிற மாதிரி பேசாதீங்க.

சியாட்டில் செல்வி:
புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் பேருக்கும் இன்சூரன்ஸ் செக் வந்தா நடுவுல ‘அண்ட்’டா ‘ஆர்’ரான்னு பாருங்க. ‘அண்ட்’னா ரெண்டு கையெழுத்தும் வேணும். ஒண்ணு குறைஞ்சாலும் ஆப் திருப்பிடலாம்.

கவுண்டர் கைலாசம்:
வாசகிம்மா, வேகமா வரும்னுதான் சொன்னேன், அசல்னு சொல்லல. சந்தேகம் இருந்தா செக்ல அச்சடிச்ச போன் நம்பரை விட்டுட்டு, அந்த பேங்க்கோட நம்பரை நாமளே தேடிக் கூப்பிட்டுக் கேட்கணும்.

டல்லஸ்காரரே, அந்தப் பையன் பேப்பரைத் தூக்கிக்கிட்டு கிளைக்கு ஓடாம பார்த்துக்குங்க. போட்ட செக்கையே மறுபடி போட்டா டபுள் டெபாசிட். ஹோல்ட் நோட்டீஸ்ல காரணமும் தேதியும் இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க. கம்பெனி கணக்குல அந்த செக் கழிஞ்சிருந்தா, பேரோல்ல கேட்டு முன்பக்கம், பின்பக்கம் இமேஜ் வாங்கி, பேங்குக்கு போன் போட்டு ‘டெபாசிட் ஹோல்ட் ரிவ்யூ’ கேட்கணும். விட்டே ஆகணும்னு இல்ல, ஆனா கழிஞ்ச தேதி கையில இருந்தா பல நேரம் முன்னாடியே விட்டுடறாங்க.